களியிலிருந்து பொட்டலம் வரை: ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ராகியின் வரலாறு

கேழ்வரகு, கேப்பை, ஆரியம், ராகி எனப் பல பெயர்களில் வழங்கும் சிறுதானியம், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேட்டுநில மக்களுக்குப் பல தலைமுறைகளாக அன்றாட உணவாக இருந்தது. இன்று அதே தானியம் சேமியா, பிஸ்கட், நூடுல்ஸ், மால்ட், தோசை மிக்ஸ் எனப் பல வடிவங்களில் பல்பொருள் அங்காடிகளின் அடுக்குகளில் 'ஆரோக்கிய உணவு' என்ற அடையாளத்துடன் விற்கப்படுகிறது. வீட்டு அடுப்பை விட்டு வெளியேறிய ராகி எந்த வழியாகப் பொட்டலத்துக்குள் வந்தது, வந்த வழியில் அதன் சுவையும் சத்தும் என்ன ஆயின என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் இந்த எல்லைப் பகுதியில் ராகி என்ற சொல்லே பெருவழக்கு. கட்டுரையிலும் அதையே பயன்படுத்துகிறேன். வேகவைத்த மாவுருண்டையைத் தமிழர் களி என்பர், கன்னடர் முத்தே என்பர், தெலுங்கர் சங்கடி என்பர். ஓசூர்ச் சந்தையில் மூன்று சொற்களும் காதில் விழும்.

பாலாகாட்டின் பயிர்

ராகி கிழக்கு ஆப்பிரிக்காவின் உயர்நிலங்களில் முதலில் பயிராக்கப்பட்டது என்பது பயிரியலாளர் பொதுவாக ஏற்கும் முடிவு. இந்தியாவுக்கு அது எப்போது வந்தது என்பதில் தொல்லியலாளரிடையே ஒத்த கருத்து இல்லை. அறிவியல் பெயரான எலூசின் கோரகானா என்பதன் பிற்பகுதி, இலங்கையில் இத்தானியத்துக்கு வழங்கும் குரக்கன் என்ற பெயரிலிருந்து வந்தது.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792இல், திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரிப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. பாலாகாட் எனப்பட்ட ஓசூர்ப் பகுதி 1799இல் திப்பு வீழ்ந்தபின் சேர்ந்தது. 1800ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாட்டைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், தன் பயணக் குறிப்புகளில் ராகிச் சாகுபடியை மிக விரிவாக எழுதியிருக்கிறார். உழவு, விதைப்பு, ஊடுபயிர், களஞ்சியம் என அவர் எழுதியவற்றைப் படித்தால், அப்போதைய மைசூர்ச் சீமையில் எளிய மக்களின் வாழ்வு இந்தத் தானியத்தின்மேல் நின்றது தெரியும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர், நிலத்தாலும் மழையாலும் அந்தச் சீமையின் தொடர்ச்சிதான்.

ஆடியில் விதைத்துக் கார்த்திகை, மார்கழியில் அறுக்கும் மானாவாரிப் பயிர் இது. ராகியோடு அவரையையும் துவரையையும் சால் விட்டு விதைப்பது வழக்கம். களிக்குத் தொட்டுக்கொள்ள அவரைக்கொட்டைக் குழம்பு அமைந்ததற்குக் காரணம் அதே வயல்தான். தாளை மாடு தின்னும். தானியமோ எளிதில் பூச்சி பிடிக்காது, குழிகளில் கொட்டி மூடிவைத்தால் பல ஆண்டுகள் கெடாது. 1876 முதல் 1878 வரை சேலம் மாவட்டத்தையும் மைசூரையும் வாட்டிய பெரும் பஞ்சத்தைப் போன்ற காலங்களில் இந்தக் குணத்தின் அருமை தெரிந்தது. ஓர் ஆண்டு மழை பொய்த்தாலும் முந்தைய ஆண்டின் குழி கைகொடுக்கும். தொடர்ந்து பொய்த்தால் குழியும் வறண்டுவிடும். அப்படித்தான் அப்பஞ்சத்தில் நேர்ந்தது.

களியும் கூழும்

களி செய்வது பார்வைக்கு எளிது, கைக்குக் கடினம். நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, கொதிக்கும் நீரின் நடுவில் மாவைக் குவித்து, கிளறாமல் சற்று நேரம் வேகவிட வேண்டும். பிறகு கட்டையால் அழுத்திக் கிண்ட வேண்டும். கட்டி தட்டாமல் கிண்டி, ஈரக்கையால் உருட்டி எடுத்தால் பளபளக்கும். மெல்லாமல் விழுங்குவதே இங்குள்ள முறை. பெரும்பாலும் களியில் உப்புக்கூடக் கொஞ்சம்தான் போடுவார்கள். சுவை முழுவதும் கூட இருக்கும் குழம்பிலோ கீரைக் கடைசலிலோ கொள்ளு ரசத்திலோ இருக்கும்.

கூழுக்கு மாவைக் கரைத்து இரவு முழுவதும் புளிக்கவைத்து மறுநாள் காய்ச்சுவார்கள். மோர் விட்டுக் கரைத்து வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பது கோடைக்கு ஏற்றது. குழந்தைகளுக்கான கஞ்சி வேறு முறை. ராகியை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் உலர்த்தி, வறுத்து அரைப்பார்கள்.

இந்த மூன்று முறைகளுக்கும் பின்னால் உணவு வேதியியல் இருக்கிறது. ராகியில் பைட்டேட் என்ற பொருளும் டானின் முதலிய துவர்ப்புப் பொருள்களும் உண்டு. அவை இரும்பு, சுண்ணாம்புச் சத்துகளைப் பிடித்துக்கொண்டு உடல் முழுமையாக ஈர்க்கவிடாமல் செய்கின்றன. புளிக்கவைத்தாலும் முளைகட்டினாலும் பைட்டேட் குறைகிறது. முளைகட்டும்போது அமைலேஸ் என்னும் நொதி உருவாகிறது. அது மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி இளகிப்போகிறது. சிறு வயிறு கொண்ட குழந்தைக்கு, அதே அளவு கஞ்சியில் அதிக மாவைக் கரைத்துக் கொடுக்க முடிகிறது. மைசூரில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் பின்னாளில் ராகி மால்ட்டை அடிப்படையாகக் கொண்ட குழந்தை உணவுகளை ஆராய்ந்தபோது, பாட்டிமார் செய்துவந்ததன் காரணம் ஆய்வகத்தில் தெளிவானது. தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளில் தரப்படும் சத்துமாவில் முளைகட்டிய ராகி மாவு சேர்வதும் இதன் தொடர்ச்சியே.

ராகிக்கு மற்றொரு இயல்பும் உண்டு. அதன் மேல்தோல் உள்ளிருக்கும் மாவுடன் இறுக ஒட்டியிருப்பதால் நெல்லையோ தினையையோபோல எளிதில் தீட்ட முடியாது. ஆகவே கிராமத்து ஆலையில் அரைத்த ராகி மாவு என்றால் அது தோலோடு கூடிய முழுத்தானிய மாவாகவே இருந்தது. அரிசியில் தவிட்டை இழந்த மக்கள் ராகியில் இழக்காததற்குக் காரணம் விழிப்புணர்வு அன்று, ராகியின் பிடிவாதம். தீட்டும் தொழில்நுட்பத்தை மைசூர் நிறுவனம் பின்னர் உருவாக்கியது. முதலில் நீராவியில் வேகவைத்து உலர்த்தி, உள்மாவை இறுகச் செய்து, அதன்பின் தோலை நீக்குவது அந்த முறை.

சத்தைப் பொறுத்தவரை சில எண்கள் போதும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையின்படி 100 கிராம் ராகியில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது 8 மில்லிகிராமுக்கும் குறைவு. கோதுமை மாவில் ஏறத்தாழ 31. நார்ச்சத்து ராகியில் 11 கிராம், தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. இரும்பு ராகியில் 4.6 மில்லிகிராம், அரிசியில் 0.65. புரதத்தில் மட்டும் ராகி முந்தவில்லை. அதில் 7 கிராம் சொச்சம், அரிசியில் ஏறத்தாழ 8. களியோடு அவரைக்கொட்டை சேர்ந்தால் அந்தக் குறையும் நிரம்பும்.

அரிசி வந்த வழி

இவ்வளவு இருந்தும் ராகியை மக்கள் ஏன் கைவிட்டார்கள்? ருசி கெட்டுவிட்டதாலோ அறியாமையாலோ அல்ல. அரிசிச் சோறு என்பது பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் உரிய உணவாக இருந்த ஊரில், அது எட்டும் விலைக்கு வந்ததும் மக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். களி ஏழ்மையின் அடையாளமாகவும் இருந்தது. அந்த அடையாளத்தைக் கழற்றிப் போட்டதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து அரிசி வருவது நின்றது. தென்னிந்தியா எங்கும் பங்கீடு வந்தது. ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, சென்னை மாநில முதலமைச்சராக இருந்த 1952இல் உணவுக் கட்டுப்பாட்டை விலக்கினார். 1960களின் நடுவில் மீண்டும் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் அரிசி விலை பெரும் பிரச்சினையாகி ஆட்சியே மாறியது. அதே காலத்தில்தான் குட்டை ரக நெல் வந்து விளைச்சல் பெருகியது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவாயிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தில் பிள்ளைகளின் தட்டில் விழுந்தது சோறும் சாம்பாரும். 2008இல் நியாயவிலைக் கடை அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011இல் இலவசமானது.

பசியை விரட்டியதில் இந்த நடவடிக்கைகளுக்கு உள்ள பங்கு பெரிது. பக்கவிளைவு மெதுவாக வந்தது. விலையில்லா அரிசி கிடைக்கும்போது ராகியை விளைவித்து, புடைத்து, ஆலைக்குக் கொண்டுபோய் அரைத்துவர யார் மெனக்கெடுவார்கள்? பாசன வசதி கிடைத்த நிலங்களில் தக்காளி, முட்டைக்கோஸ், ரோஜா, மா என்று பணப்பயிர்கள் பரவின. ஓசூர் ரோஜா வெளிநாடு போனது, ராயக்கோட்டைத் தக்காளி சென்னைக்குப் போனது. ராகி முற்றிலும் மறையவில்லை. தமிழ்நாட்டில் ராகி மிகுதியாக விளையும் மாவட்டங்களில் கிருஷ்ணகிரி இன்றும் முன்வரிசையில்தான் நிற்கிறது. அதற்கு ஆராய்ச்சியும் உதவியது. மண்டியாவில் லட்சுமணய்யா இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து 'இந்தாப்' ரகங்களை உருவாக்கினார். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பையூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையமும் தன் பெயரில் ராகி ரகங்களை வெளியிட்டது. விளைவித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் மதிய உணவு டப்பாவில்தான் ராகி இல்லை. பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றிய காலத்தில் எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் தயிர்ச்சோறும் திறக்கப்பட்ட வகுப்பறைகளில் களி உருண்டையை நான் பார்த்தது அபூர்வம். கொண்டுவந்த பிள்ளையும் மூடியைப் பாதி திறந்தபடியே சாப்பிடும்.

பெங்களூரில் பிறந்த பொட்டலம்

ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர். வசதி உணவின் வரலாற்றில் இந்த அருகாமை முக்கியமானது.

உதகமண்டலத்தில் 1905இல் முத்துசாமி முதலியார் தொடங்கிய நீலகிரிஸ் கடை, 1936இல் பெங்களூர் பிரிகேட் சாலைக்கு வந்து, பின்னாளில் நாட்டின் தொடக்ககாலப் பல்பொருள் அங்காடிகளில் ஒன்றாக வளர்ந்தது. வாடிக்கையாளர் தாமே பொருளை எடுத்துப் பார்த்து, எழுத்தைப் படித்து, கூடையில் போடும் பழக்கம் இத்தகைய கடைகளில்தான் தொடங்கியது. மளிகைக்கடையில் பொட்டலத்தின் மேல் எழுத்து தேவையில்லை, கடைக்காரர் பேசுவார். அங்காடியில் பொட்டலமே பேச வேண்டும்.

1924இல் பெங்களூரில் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகத்தின் கதை இதைவிடச் சுவையானது. போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் இட்லிக்கு அரிசி கிடைக்காமல், ரவையைக் கொண்டு செய்து பார்த்ததில் ரவா இட்லி பிறந்ததாக அந்நிறுவனம் கூறுகிறது. 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது உணவக விலைகள் கட்டுப்படுத்தப்பட்டன. கட்டுப்படியாகாமல் தவித்த நிறுவனம், உடனடித் தயாரிப்பு மாவுகளைப் பொட்டலமிட்டு விற்பதில் இறங்கியது. நாளடைவில் உணவகம் வேறு, பொட்டல உணவு நிறுவனம் வேறு எனப் பிரிந்தன. பின்னது 2007இல் நார்வே நாட்டு ஓர்க்லா குழுமத்திடம் போனது. 2005இல் பெங்களூரில் முஸ்தபாவும் அவருடைய உறவினரும் இட்லி மாவைப் பையில் அடைத்து விற்கத் தொடங்கிய ஐடி பிரெஷ் நிறுவனமும் இதே மரபில் வந்ததுதான். அரிசி, உளுந்து, வெந்தயம், நீர் என்று முடிந்துவிடும் மாவுப் பை, வசதி உணவுகளில் மிகக் குறைவாக மாற்றப்பட்ட வகை என்பது என் கருத்து.

ஆலைச் சங்கும் அவசரச் சமையலும்

1971இல் உருவான சிப்காட் நிறுவனம் தன் தொடக்ககாலத் தொழில் வளாகங்களில் ஒன்றை ஓசூரில் அமைத்தது. 1980களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் வரிசையாக வந்தன. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. அண்மை ஆண்டுகளில் மின்னணுப் பாகங்களும் மின்சார ஸ்கூட்டரும் செய்யும் ஆலைகள், வெளியூர்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் இளம்பெண்களைப் பெருமளவில் வேலைக்கு எடுக்கின்றன.

மூன்று ஷிப்டு வேலை, நால்வர் தங்கும் ஒற்றை அறை, ஒரே ஓர் அடுப்பு. சில விடுதிகளில் அதுவும் கிடையாது, சுடுநீர்க் கெட்டில் மட்டும்தான். களி கிண்டப் பெரிய பாத்திரமும் கைவலிமையும் நேரமும் வேண்டும். கூழுக்கு முந்தைய இரவே நினைவு வர வேண்டும். ஜப்பானில் மோமோபுகு ஆண்டோ 1958இல் கண்டுபிடித்த உடனடி நூடுல்ஸ், இந்தியாவில் 1983இல் மேகி என்ற பெயரில் வந்தபோது கேட்டது கொதிநீரும் சில நிமிடமும்தான். இரவு ஷிப்டு முடித்து வந்தவருக்கு அதைவிட என்ன வேண்டும்? 2015 ஜூனில் காரீயம் தொடர்பான ஐயத்தால் மேகி தடைசெய்யப்பட்டது, ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது, நவம்பரில் மீண்டும் கடைக்கு வந்தது. அந்த ஐந்து மாதங்களில் பலர் முதன்முறையாகப் பொட்டலத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். ஆனால் காரீயத்தைப் பற்றிய கூச்சலில் உப்பைப் பற்றிய பேச்சு அடங்கிப்போயிற்று. பொதுவாக ஒரு பொட்டல நூடுல்ஸில் ஒரு கிராமை ஒட்டிய சோடியம் இருப்பது வியப்பில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் வகுத்த எல்லை 2 கிராம்.

பெயர் மாறிய தானியம்

2018இல் இந்திய அரசு சிறுதானியங்களை 'ஊட்டத் தானியங்கள்' என்று அறிவிக்கையில் பெயர் மாற்றியது. அதுவரை 'கரடுமுரடான தானியம்' என்ற பொருள்தரும் சொல்லே அரசுத் தாள்களில் இருந்தது. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐ.நா. பொதுச்சபை 2023ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். மருத்துவர்கள் ராகியைச் சொன்னார்கள், நகரத்தார் ராகியைத் தேடினார்கள், நிறுவனங்கள் ராகியைப் பொட்டலமிட்டன. ஒருகாலத்தில் மூடியைப் பாதி திறந்து தின்ற உணவு, பளபளப்பான உறையில் ஏழை வாங்கத் தயங்கும் விலையில் வந்து உட்கார்ந்தது. 2025–26ஆம் பருவத்துக்கு ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய், அதாவது கிலோவுக்கு 49 ரூபாய்க்கும் குறைவு. அங்காடியில் 100 கிராம் ராகி பிஸ்கட்டின் விலையைப் பார்த்துப் பத்தால் பெருக்கிப் பார்ப்பது மாணவர்களுக்கு நல்ல கணக்குப் பயிற்சி.

ருசியின் சிக்கல்

ராகிப் பண்டம் செய்யும் ஆலைக்கு இரண்டு இடையூறுகள் உண்டு. முதலாவது, ராகியில் குளூட்டன் இல்லை. கோதுமையில் உள்ள அந்தப் புரதம்தான் மாவை இழுபடச் செய்து, நூடுல்ஸை அறுபடாமலும் ரொட்டியை உப்பலாகவும் வைத்திருக்கிறது. ராகி மாவை மட்டும் பிசைந்தால் விரிசல் விடும். ராகி ரொட்டியை வாழையிலையில் வைத்துக் கையால் தட்டுவது இதனால்தான். இரண்டாவது, தோலில் உள்ள துவர்ப்பும் மண்வாசனை போன்ற மணமும். வளர்ந்தவர்கள் பழகிக்கொள்வார்கள், அங்காடியில் முதன்முறை வாங்கும் குழந்தை பழகாது.

முதல் இடையூறுக்கு ஆலைகள் கண்ட தீர்வு கோதுமை மாவு அல்லது மைதா. இரண்டாவதற்குச் சர்க்கரை, கொழுப்பு, கோகோ, மசாலாத் தூள். விளைவாகப் பல பொட்டலங்களில் ராகி பெயரில் முதலாவதாகவும் மூலப்பொருள் பட்டியலில் மூன்றாவதாகவும் நிற்கிறது. ராகியின் பழுப்பு நிறத்துக்கு இங்கு ஒரு வணிகப் பயன் உண்டு. பழுப்பாக இருப்பதெல்லாம் முழுத்தானியம் என்று கண் நம்பிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பிஸ்கட்டில் ராகி 20 விழுக்காடு என்று கொள்வோம். 25 கிராம், அதாவது நாலைந்து பிஸ்கட் தின்றால் உள்ளே போகும் ராகி 5 கிராம், அதிலிருந்து வரும் சுண்ணாம்புச்சத்து 18 மில்லிகிராம். அரை டம்ளர் பாலில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இருக்கும். 100 கிராம் மாவில் கிண்டிய களியில் 364 மில்லிகிராம் இருக்கும். அதை உடல் முழுவதுமாக ஈர்ப்பதில்லை என்பதை முன்பே பார்த்தோம். ஆனாலும் 364 எங்கே, 18 எங்கே?

எல்லாப் பொட்டலத்தையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. வெறும் ராகி மாவு, முளைகட்டிய ராகி மாவு, வேறு எதுவும் சேராத ராகி அவல் ஆகியவை பொட்டலத்தில் வந்தாலும் வீட்டுச் சரக்குக்கு நெருக்கமானவை. திண்டுக்கல் அணில் நிறுவனம் உட்படப் பல நிறுவனங்கள் விற்கும் ராகி சேமியா நடுவிடத்தில் வரும். ராகியின் அளவும் கோதுமையின் அளவும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஆனால் அதில் எண்ணெயையும் உப்பையும் போடுவது நம் கை. வெங்காயம், கேரட், பீன்ஸ், கொஞ்சம் வேர்க்கடலை சேர்த்து ஆவியில் வேகவைத்துத் தாளித்தால் பத்து நிமிடத்தில் ஒரு நல்ல காலைச் சிற்றுண்டி. என் நாக்குக்கு அது களியைவிடக் குறைவுதான், அரிசிச் சேமியாவைவிட மேல். எண்ணெயில் பொரித்து உலர்த்திய நூடுல்ஸ், கிரீம் வைத்த பிஸ்கட், சர்க்கரை கலந்த மால்ட் தூள் ஆகியவை அடுத்த கோடியில் நிற்பவை. பிரேசில் நாட்டு ஆய்வாளர் கார்லோஸ் மொண்டெய்ரோ 2009இல் முன்வைத்த பகுப்பில் இத்தகையவை 'மீப்பதன உணவுகள்'. எந்தத் தானியம் என்பதைவிட, வீட்டில் இல்லாத பொருள்களைக்கொண்டு ஆலை எவ்வளவு மாற்றியது என்பதே அந்தப் பகுப்பின் அளவுகோல்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மிக நைசாக அரைத்த ராகி மாவில் காய்ச்சிய கஞ்சி விரைவாகச் செரித்து இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடும். முளைகட்டிய மால்ட்டில் மாவுச்சத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே சர்க்கரையாக உடைந்திருக்கும். குழந்தைக்கு எது நன்மையோ அதுவே தாத்தாவுக்குத் தீமையாகலாம். 'ராகிதானே' என்று ஒரே டப்பாவை வீட்டிலுள்ள அனைவருக்கும் கரைத்துக் கொடுப்பது சரியன்று.

பொட்டலத்தின் பின்பக்கம்

மூலப்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. ஆகவே முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பாதி உண்மை தெரியும். பெயரிலோ படத்திலோ பெருமையாகக் காட்டிய பொருளின் விழுக்காடு பட்டியலில் அடைப்புக்குறிக்குள் இருக்கும். 2018ஆம் ஆண்டின் விதிகளின்படி 100 கிராமில் 3 கிராம் நார்ச்சத்து இருந்தால் 'நார்ச்சத்து உள்ளது' என்றும், 6 கிராம் இருந்தால் 'நார்ச்சத்து மிகுந்தது' என்றும் போட்டுக்கொள்ளலாம். ராகியின் இயல்பான அளவு 11 என்பதை நினைவில் வைத்தால், இந்த வாசகங்களைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. 'வெள்ளைச் சர்க்கரை இல்லை' என்ற வரியின் கீழ் வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ இரண்டாம் இடத்தில் இருப்பதும் உண்டு. நிறம் வேறு, வேலை ஒன்றே. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு விரும்பத்தக்க எல்லையாகச் சொல்வது ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரை, ஐந்தாறு தேக்கரண்டி.

2022 செப்டம்பரில் ஆணையம், பொட்டலத்தின் முன்பக்கத்தில் அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரம் போடும் வரைவை வெளியிட்டது. நார்ச்சத்தையும் சர்க்கரையையும் கூட்டிக்கழித்து ஒரே நட்சத்திர எண்ணாக்கினால் தீமை மறைந்துவிடும் என்று பலர் எதிர்த்தனர். ராகி பிஸ்கட்டை நினைத்தால் அந்த எதிர்ப்பின் நியாயம் புரியும். ராகிக்குக் கிடைக்கும் மதிப்பெண் சர்க்கரைக்குக் குடை பிடிக்கும். 2024 ஏப்ரலில், பால், தானிய, மால்ட் பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பின்கீழ் விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு ஆணையம் அறிவுறுத்தியது. அடுத்த மாதம் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி, பொட்டலங்களில் உள்ள ஆரோக்கிய வாசகங்கள் தவறான எண்ணத்தை ஏற்படுத்தலாம் என எச்சரித்தது.

மீண்டும் நியாயவிலைக் கடையில்

2023 மே மாதம் தமிழ்நாடு அரசு, முதற்கட்டமாக நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் குடும்ப அட்டைகளுக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி வழங்கத் தொடங்கியது. அதற்கான ராகியைக் கிருஷ்ணகிரி, தருமபுரி உழவர்களிடம் நேரடிக் கொள்முதல் நிலையங்கள் மூலம் வாங்கும் ஏற்பாடும் வந்தது. அரிசி ராகியை விரட்டிய அதே கடைவழியாக ராகி திரும்பியது, ஆலைச் சர்க்கரையும் உப்பும் இல்லாமல், முழுத்தானியமாக.

முழுத்தானியம் என்றால் கல் பொறுக்கிக் கழுவி உலர்த்தி அரைக்க வேண்டும். கிராமத்தில் அரவை ஆலை இருக்கிறது, வீட்டில் முதியவர் இருக்கிறார், முற்றத்தில் வெயில் இருக்கிறது. ஓசூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய விடுதி அறைகளில் இவை எவையும் இல்லை. அங்கு தங்கியிருக்கும் பெண்ணின் பெயர் உள்ள குடும்ப அட்டை வேறொரு மாவட்டத்திலோ வேறொரு மாநிலத்திலோ இருக்கும். இரத்தசோகைக் கணக்கில் வரும் வயதினர் அவர்கள். ஷிப்டு முடிந்து திரும்பும் வழியில் அவர்களுக்கு எட்டும் ராகி, தெருமுனைக் கடையில் தொங்கும் பொட்டலத்தில் உள்ள ராகி மட்டுமே. இதற்கு மாறாக, ஓசூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் பெங்களூர்ச் சாலையிலும் கோடைக்காலங்களில் தள்ளுவண்டிகளில் ராகிக் கூழ் விற்கிறார்கள். மோர் கலந்து, வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்துக் கொடுக்கும் ஒரு சொம்புக் கூழ், ஆலை வாகனங்களுக்குக் காத்திருப்பவர்கள் நின்றபடியே குடித்து முடிக்கக்கூடிய வசதி உணவுதான். மழை தொடங்கியதும் அந்த வண்டிகளில் பல டீக்கடைகளாக மாறிவிடுகின்றன.